அறிந்ததைக் கைவரச் செய்தல்: கருத்தூன்றிய பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேடைப் பேச்சைப் பற்றி மூன்று நூல்களைப் படித்து முடித்த ஒருவரால், ஒரு பேச்சை எப்படித் தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், கேட்பவர்களின் முகத்தை எப்போது பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியும். அவரே நாற்பது பேர் முன்னால் எழுந்து நிற்கும்போது குரல் உயர்ந்துவிடுகிறது, வேகம் கூடிவிடுகிறது, கண்கள் கையிலுள்ள தாளை விட்டு அகல மறுக்கின்றன. அவர் படித்ததில் பிழை இல்லை. படித்ததை அவர் மறந்துவிடவும் இல்லை. ஒன்றை எடுத்துச் சொல்வதற்கு வேண்டிய நினைவும் அதைச் செய்வதற்கு வேண்டிய பழக்கமும் வெவ்வேறு வழிகளில் உருவாகின்றன என்பதே காரணம். முதலாவதற்கு வாசிப்பு போதும். இரண்டாவதற்குச் செய்து, தவறி, திருத்தி, மீண்டும் செய்தாக வேண்டும்.

1967-இல் பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்னும் உளவியலாளர்கள் திறன் கைவரும் பாதையை மூன்று கட்டங்களாக விளக்கினர். முதல் கட்டத்தில் விதிகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்கிறோம். இரண்டாம் கட்டத்தில் தனித்தனி அசைவுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, தவறுகள் குறைகின்றன. மூன்றாம் கட்டத்தில் செயல் தானாகவே நடக்கிறது. வேறு எதையோ நினைத்துக்கொண்டே அதைச் செய்துவிட முடிகிறது. பலரும் இந்த மூன்றாம் கட்டத்தையே முடிவிடம் என்று கருதுகிறார்கள். ஆனால் தானாக நடக்கும் செயலை நாம் கவனிப்பதில்லை. கவனம் விலகிய இடத்தில் முன்னேற்றமும் நின்றுவிடுகிறது. மருத்துவர்களின் அனுபவ ஆண்டுகளையும் அவர்களது பணித்தரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற மதிப்பீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, அனுபவம் கூடக்கூடத் தரம் குறைவதையே கண்டிருந்தன. நெடுங்காலம் செய்வது வேறு, மேம்படும்படி செய்வது வேறு என்பதற்கு இதைவிடக் கவலைதரும் சான்று எனக்குத் தெரியாது.

இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தவர் ஸ்வீடனில் பிறந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன். அவரும் இரு ஆய்வாளர்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் பயின்ற மாணவர்களை ஒப்பிட்டு, 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிகச் சிறந்த நிலையில் இருந்த மாணவர்கள், 20 வயதுக்குள் தனியாகச் செய்திருந்த பயிற்சி சராசரியாக 10,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அந்த எண் பிறகு ஒரு விதியைப்போல எங்கும் பரவிவிட்டது. அது ஒரு சராசரி மட்டுமே. அந்தச் சிறந்த குழுவிலேயே பலர் அந்த வயதில் அத்தனை மணி நேரத்தை எட்டியிருக்கவில்லை. மணிக்கணக்கைவிட, அந்த மணிகளுக்குள் என்ன நடந்தது என்பதில்தான் நமக்குப் பயனுள்ள செய்தி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட குறையை நோக்கி அமைக்கப்பட்டு, முழுக் கவனத்துடன் செய்யப்பட்டு, விளைவு உடனுக்குடன் தெரியவந்து, திருத்தத்துடன் திரும்பச் செய்யப்படும் பயிற்சியையே கருத்தூன்றிய பயிற்சி என்று இங்கே அழைக்கிறேன்.

கீழே வரும் படிகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது: பயிற்சி நடக்கும் வேளையில் தோன்றும் சரளத்தை நம்பக்கூடாது. சில நாள்கள் கழித்து, குறிப்புகளின் துணையின்றி, சற்றே மாறிய சூழலில் அதைச் செய்ய முடிகிறதா என்பதை வைத்தே திறனை அளக்க வேண்டும்.

படி 1: கற்றதை ஒரு செயலாக மாற்றி எழுதுங்கள்

“புள்ளியியல் கற்க வேண்டும்”, “நன்றாகப் பேச வேண்டும்” என்பவை விருப்பங்கள். அவற்றை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வது என்று யாராலும் முடிவெடுக்க இயலாது. அவற்றுக்குப் பதிலாக, என்ன செய்வேன், எந்தச் சூழலில் செய்வேன், எந்த அளவுக்குச் செய்வேன் என்ற மூன்றும் அடங்கிய ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: “முன்பின் பார்த்திராத ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் அதில் விடுபட்ட மதிப்புகளைக் கண்டறிந்து, இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா என்று சோதித்து, முடிவைத் துறை சாராத ஒருவருக்கும் புரியுமாறு ஐந்து வாக்கியங்களில் எழுதுவேன்.” பேச்சுக்கு என்றால்: “எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி, தாளைப் பார்க்காமல், ஐந்து நிமிடம் பேசுவேன், கேட்டவர் என் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும்.”

உங்கள் வாக்கியம் சரியானதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அருகில் நின்று பார்க்கும் ஒருவர், உங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்காமலேயே, “செய்துவிட்டார்” என்றோ “செய்யவில்லை” என்றோ சொல்ல முடிந்தால் அது நல்ல வாக்கியம். “புரிந்துகொள்வேன்”, “தெரிந்துகொள்வேன்” என்று முடியும் வாக்கியங்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

இவ்வளவு குறுகலாக ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். எரிக்சனும் அவரது சக ஆய்வாளர்களும் 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒருமுறை மட்டுமே வாசிக்கப்படும் இலக்க வரிசையில் ஏழு இலக்கங்களையே நினைவில் வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவர், 230 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கங்களைத் திருப்பிச் சொன்னார். ஓட்டப்பந்தய வீரரான அவர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கூட்டிக்கூட்டி நினைவில் பதித்துக்கொண்டார். ஆனால் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது அவரால் ஏறக்குறைய ஆறு எழுத்துகளையே நினைவுகூர முடிந்தது. அவரது பொதுவான நினைவாற்றல் வளரவில்லை. பயின்ற அந்த ஒரு செயலே வளர்ந்திருந்தது. எதைப் பயில்கிறோமோ அதுவே கைவருகிறது என்பதால், எதைப் பயில வேண்டும் என்பதைத் துல்லியமாக எழுதிக்கொள்வது முதல் வேலையாகிறது.

படி 2: மேலும் படிப்பதற்கு முன் ஒருமுறை செய்து பாருங்கள்

புதிதாக ஒன்றைக் கற்றதும் “இன்னும் கொஞ்சம் படித்துவிட்டுத் தொடங்கலாம்” என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. படிக்கும்போது புரிந்துகொண்டே போவது இதமாக இருக்கிறது. செய்யும்போது தடுமாறுவது இதமாக இல்லை. 2002-இல் லியோனிட் ரோசென்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் நடத்திய ஆய்வில், அன்றாடம் பயன்படுத்தும் சில கருவிகள் எப்படி இயங்குகின்றன என்பது தமக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று பங்கேற்றவர்கள் முதலில் மதிப்பிட்டனர். பிறகு அந்த இயக்கத்தைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னபோது, அவர்களே தம் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டனர். செய்து பார்க்கும்வரை நம் அறிவின் ஓட்டைகள் நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஆகவே முதல் படியில் எழுதிய செயலை இன்றே, இப்போதைய நிலையிலேயே, முழுமையாக ஒருமுறை செய்யுங்கள். பேச்சு என்றால் பதிவு செய்யுங்கள். கணினி நிரல் என்றால் எழுதிய கோப்பைச் சேமித்துவையுங்கள். வரைபடம் என்றால் தேதியிட்டு எடுத்துவையுங்கள். முடிந்ததும், எந்தெந்த இடத்தில் தயங்கினீர்கள், எதை நினைவுகூர முடியவில்லை, எதைச் சரி என்று எண்ணிச் செய்து பிறகு தவறு என்று கண்டீர்கள் என்பதை எழுதுங்கள். இந்தப் பதிவு உங்களைத் தரம் பிரிப்பதற்கானது இல்லை. அடுத்த சில வாரங்களில் எதைப் பயில வேண்டும் என்று சொல்லும் வரைபடமாக இதைக் கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் தொடங்குபவர்கள், ஏற்கெனவே எளிதாக வரும் பகுதிகளையே திரும்பத் திரும்பச் செய்து நாள்களைக் கழித்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 3: ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல மாதிரியை வைத்துக்கொள்ளுங்கள்

நன்றாகச் செய்யப்பட்டது எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குத் தம் தவறு தவறாகத் தோன்றாது. தொடக்க நிலையில், தீர்த்துக் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படிப்பது, தாமாகவே முட்டிமோதித் தீர்வு காண்பதைவிட அதிகம் பயன் தருகிறது. இயற்கணிதம் கற்ற மாணவர்களை வைத்து ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இதைக் காட்டினர். எடுத்துக்காட்டைப் பார்த்தவுடன் அதை மூடிவைத்துவிட்டு, அதே வேலையை நீங்களே செய்து, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். திறன் வளர வளர இந்த உதவியே தடையாகிவிடும் என்பதையும் பின்னால் வந்த ஆய்வுகள் கண்டன. எனவே முதலில் முழு எடுத்துக்காட்டு, பிறகு பாதியில் நிறுத்தப்பட்ட எடுத்துக்காட்டு, பிறகு வெறும் கேள்வி மட்டும் என்று உதவியைக் குறைத்துக்கொண்டே போங்கள்.

படி 4: செயலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நம் மனத்தால் ஒரே வேளையில் சுமந்து கையாளக்கூடிய தகவல் தொகுப்புகள் ஏறத்தாழ நான்குதான் என்பது நெல்சன் கோவன் 2001-இல் முன்வைத்த மதிப்பீடு. புதிதாக மேடை ஏறுபவர் சொல்ல வேண்டிய கருத்து, அடுத்த வாக்கியம், குரலின் உயரம், வேகம், கைகள், கேட்பவர் முகம், மீதமுள்ள நேரம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கவனிக்க முயன்றால், எதையும் திருத்த முடியாமல் போவதில் வியப்பில்லை. இவற்றைத் தனித்தனியாக எழுதி, ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் எடுப்பது? அடிக்கடி நிகழ்வதும், மற்ற பகுதிகளையும் சேர்த்துக் கெடுப்பதுமான குறையை எடுங்கள். பேச்சில் பெரும்பாலும் அது வேகம்தான். வேகம் கூடினால் மூச்சு குறைகிறது, மூச்சு குறைந்தால் குரல் உயர்கிறது, அடுத்த வாக்கியத்தை யோசிக்க நேரமில்லாமல் பொருளற்ற சொற்கள் நுழைகின்றன. நிரல் எழுதக் கற்பவருக்கு அது பெரும்பாலும் பிழைச் செய்தியைப் படிக்காமலே திருத்த முற்படும் பழக்கமாக இருக்கும். வேற்றுமொழி கற்பவருக்கு, சொல் தெரிந்திருந்தும் காதால் கேட்கும்போது அடையாளம் காண முடியாமையாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாச் செயல்களையும் வெட்டிப் பிரிக்க இயலாது. சைக்கிள் ஓட்டுவதில் சமநிலை, திருப்புதல், மிதித்தல் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை; மிதித்தலை மட்டும் தனியாகப் பயின்றால் சமநிலை வந்துவிடாது. இத்தகைய செயல்களில் பகுதியாகப் பிரிப்பதைவிட முழுச் செயலையே எளிமையாக்குவது நல்லது: மெதுவாக, சிறிய அளவில், ஆபத்து குறைந்த இடத்தில், ஆனால் முழுமையாகச் செய்யுங்கள்.

படி 5: அந்த ஒரு குறைக்கென்றே ஒரு சிறு பயிற்சியை வடிவமையுங்கள்

வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் “தினமும் பயிற்சி செய்யுங்கள்” என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. எந்த வடிவில் செய்வது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நல்ல பயிற்சி குறுகியதாக இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பத்து இருபது முறை செய்யக்கூடியதாக இருந்தால்தான் திருத்தத்தை உடனே செய்து பார்க்க முடியும். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். சரியா தவறா என்பது முடிந்தவுடன் தெரிய வேண்டும். உங்கள் தற்போதைய எல்லைக்குச் சற்று அப்பால் அது அமைய வேண்டும்.

வேகத்தைக் குறைக்க விரும்பும் பேச்சாளருக்கு இப்படி ஒரு பயிற்சி அமைக்கலாம். ஒரு பொருளைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு முழு மூச்சு எடுக்கும்வரை பேசக்கூடாது. பிறகு பதிவைக் கேட்டு, மூச்சு விடாமல் ஓடிய இடங்களையும், “அதாவது”, “வந்து”, “பார்த்தீங்கன்னா” போன்ற நிரப்புச் சொற்களையும் எண்ணி எழுத வேண்டும். உடனே அதே பொருளை மீண்டும் ஒரு நிமிடம் பேச வேண்டும். கருத்து நன்றாக இருந்ததா, குரல் இனிமையாக இருந்ததா என்று இந்த வேளையில் பார்க்கவே கூடாது. நிரல் கற்பவர், வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்ட பத்து சிறு நிரல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பிழைச் செய்தியை மட்டும் படித்து, எந்த வரியில் என்ன தவறு என்று எழுதிய பிறகே நிரலைத் திறந்து பார்க்கலாம். மொழி கற்பவர், இருபது நொடி ஒலிப்பதிவைக் கேட்டுக் காதில் விழுந்ததை அப்படியே எழுதி, எழுத்து வடிவத்துடன் ஒப்பிட்டு, தவறவிட்ட சொற்களை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்கலாம்.

கடினத்தின் அளவை எப்படி முடிவு செய்வது? என் அனுபவத்தில், பத்து முயற்சிகளில் இரண்டு மூன்று தவறினால் அளவு சரியாக இருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் வேகத்தைக் கூட்டுங்கள், உதவியைக் குறையுங்கள், அல்லது வேறு பகுதிக்குப் போங்கள். பாதிக்கு மேல் தவறினால் பயிற்சியை இன்னும் சிறிதாக்குங்கள். இது ஆய்வகத்தில் பிறந்த எண் இல்லை; நடைமுறைக்கான ஒரு கைக்கணக்கு.

படி 6: பின்னூட்டத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்

பின்னூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆவ்ராம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் 1996-இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாக நன்மை செய்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் செயல்தரத்தைக் குறைத்திருந்தது தெரியவந்தது. கவனம் செயலிலிருந்து விலகி, “நான் எப்படிப்பட்டவன்” என்ற கேள்விக்குப் போகும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். “அருமையாகப் பேசினீர்கள்” என்பதும் “உங்களுக்குப் பேச்சு வராது” என்பதும் இந்த வகையில் ஒன்றுதான். இரண்டிலும் அடுத்த முயற்சியில் எதை மாற்ற வேண்டும் என்பது இல்லை. “இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டு எந்தக் கருத்துக்கானது என்று எனக்குப் பிடிபடவில்லை” என்பதில் இருக்கிறது.

ஆகவே யாரிடம் கருத்துக் கேட்டாலும் குறுகலான கேள்வியைக் கேளுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் அன்பான பதில்தான் கிடைக்கும். “என் மையக் கருத்து என்னவென்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்”, “எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறியது?” என்று கேட்டால் பயிற்சிக்கு வேண்டிய பொருள் கிடைக்கும். நல்ல ஆசிரியர் வாய்ப்பது பெரும் பேறு. நம் கண்ணுக்குத் தெரியாத குறையைப் பார்ப்பதோடு, அதற்கேற்ற பயிற்சியையும் அவர் அமைத்துத் தருகிறார்.

ஆசிரியர் இல்லாதவர்கள், அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளமையில் எழுதப் பழகிய விதத்தைக் கூர்ந்து பார்க்கலாம். தமக்குப் பிடித்த ஓர் இதழின் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் ஒரு சிறு குறிப்பை எழுதிக்கொண்டு, சில நாள்கள் ஒதுக்கிவைத்தார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளிலிருந்து கட்டுரையைத் தம் சொற்களில் மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைக் கண்டறிந்து திருத்தினார். சொல்வளம் குறைவு என்று கண்டபோது கட்டுரைகளைச் செய்யுளாக்கி, பிறகு மறுபடியும் உரைநடையாக்கினார். கருத்துகளை வரிசைப்படுத்துவதைப் பயில, குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரங்களுக்குப் பின் அவற்றை ஒழுங்குபடுத்திப் பார்த்தார். குறைக்கேற்ற பயிற்சி, நல்ல மாதிரி, இடைவெளி, ஒப்பீடு ஆகிய நான்கும் இதில் அடங்கியிருக்கின்றன. இந்த முறையை நிரலுக்கும் ஓவியத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனே விடையைப் பார்ப்பது பயிற்சியின்போது நன்றாகச் செய்ய உதவுகிறது, ஆனால் விடையின்மீது சாய்ந்துகொள்ளவும் பழக்குகிறது. கரோலி வின்ஸ்டீன், ரிச்சர்ட் ஷ்மிட் இருவரும் 1990-இல் உடலசைவுத் திறனை ஆராய்ந்தபோது, பாதி முயற்சிகளுக்கு மட்டுமே முடிவு சொல்லப்பட்டவர்கள், எல்லா முயற்சிகளுக்கும் சொல்லப்பட்டவர்களைவிடப் பின்னர் நடந்த சோதனையில் நன்றாகச் செய்தனர். எனவே முதல் சில நாள்களுக்குப் பிறகு, விடையைப் பார்ப்பதற்கு முன் “இந்த முறை எங்கே தவறியிருப்பேன்?” என்று நீங்களே ஊகித்து எழுதுங்கள். ஊகமும் உண்மையும் நெருங்கி வரும்போது, உங்களுக்குள்ளேயே ஓர் ஆசிரியர் உருவாகி வருகிறார்.

தவறுகளுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும், ஏன் தவறியது, இதற்கு அடுத்து என்ன பயிற்சி என்ற நான்கு பத்திகள் போதும். “கவனக்குறைவு” என்பதைக் காரணமாக எழுதாதீர்கள். அதிலிருந்து எந்தப் பயிற்சியையும் உருவாக்க முடியாது.

படி 7: இடைவெளி விடுங்கள், கலந்து பயிலுங்கள்

பயிற்சியின் சரளம் நம்மை ஏமாற்றுவது இந்தப் படியில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்கள் 81 சதவீதமும், நினைவுகூர்ந்தவர்கள் 75 சதவீதமும் திருப்பித் தந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: இருமுறை படித்தவர்களிடம் 42 சதவீதமும், நினைவுகூர்ந்தவர்களிடம் 56 சதவீதமும் எஞ்சியிருந்தன. ஆகவே ஒவ்வொரு பயிற்சி வேளையையும் குறிப்பேட்டைத் திறக்காமல், சென்ற முறை கற்றதை வெற்றுத்தாளில் எழுதியோ செய்து காட்டியோ தொடங்குங்கள்.

இதைவிட வியப்பானது கலந்து பயில்வதன் விளைவு. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் மாணவர்களுக்குச் சில திண்மப் பொருள்களின் கன அளவைக் காணும் கணக்குகளைக் கொடுத்தனர். ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. மற்றக் குழுவுக்கு எல்லா வகைகளும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தனர். கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 சதவீதமும் இரண்டாம் குழு 63 சதவீதமும் பெற்றன. ஒரே வகையைத் தொடர்ந்து செய்பவர், எந்த வழியைக் கையாள வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவே கற்பதில்லை; வழி அவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுகிறது. நடைமுறை வாழ்க்கையில் எந்தச் சிக்கலும் தன் வகைப்பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

இடைவெளியும் அப்படித்தான். ஆலன் பேட்லி, டி. ஜே. ஏ. லாங்மன் இருவரும் 1978-இல் தட்டச்சு கற்ற அஞ்சல் ஊழியர்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள், நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் பயின்றவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் அதே திறனை எட்டினர். அப்படியிருந்தும் தம் பயிற்சி முறையில் மிகக் குறைவாக நிறைவு கொண்டவர்கள் அவர்கள்தான். நாள்கணக்கில் பார்த்தால் தாம் பின்தங்கியிருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. பயனுள்ள பயிற்சி பல வேளைகளில் இப்படித்தான் மனத்துக்குக் குறைவாகத் தோன்றும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், பாதியில் கைவிடாமல் இருக்கலாம்.

நடைமுறையில், ஒரு பகுதி ஓரளவு பிடிபடும்வரை இரண்டு மூன்று நாள் அதை மட்டும் செய்யுங்கள். பிறகு பழைய இரண்டு பகுதிகளோடு கலந்துவிடுங்கள். அதன்பின் அதை 2, 4, 8, 16 நாள் என்று விரியும் இடைவெளிகளில் சோதித்துப் பாருங்கள். தவறினால் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

படி 8: நேரத்தைக் குறித்து வையுங்கள்

இதில் சொல்ல அதிகமில்லை. முழுக் கவனத்தை நீண்ட நேரம் தாங்க முடியாது. எரிக்சன் ஆராய்ந்த சிறந்த வயலின் மாணவர்களே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, நடுவில் ஓய்வெடுத்து, நாளுக்கு மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு உட்பட்டே தனிப்பயிற்சி செய்தனர். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இருபத்தைந்து நிமிடம் போதுமானது. “நேரம் கிடைக்கும்போது” என்று விடாமல், “காலையில் பல் துலக்கியதும் இந்த நாற்காலியில் அமர்ந்து பதிவைத் தொடங்குவேன்” என்று செயலை ஓர் இடத்துடனும் வேளையுடனும் கட்டிவையுங்கள். தூக்கத்தை வெட்டிப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்காதீர்கள். பகலில் பயின்ற அசைவுகள் இரவுத் தூக்கத்தில் உறுதிப்படுகின்றன.

படி 9: பகுதிகளை மீண்டும் முழுமையாக்குங்கள்

தனித்தனியாகச் சரியாக வரும் பகுதிகள் சேர்ந்து வரும்போது குலைவது இயல்பு. ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது முதல் படியில் எழுதிய முழுச் செயலையும் தொடக்கம் முதல் முடிவுவரை செய்யுங்கள். அந்த வேளையில் நடுவில் நிறுத்தித் திருத்தக்கூடாது. தவறினாலும் தொடர்ந்து முடிக்க வேண்டும், ஏனெனில் தவறிய பின் மீண்டு வருவதும் திறனின் ஒரு பகுதிதான்.

பிறகு சூழலை மாற்றுங்கள். ராபர்ட் கெர், பெர்னார்ட் பூத் இருவரும் 1978-இல் குழந்தைகளை வைத்து நடத்திய எறிதல் ஆய்வில், 3 அடி தொலைவிலேயே எறிந்து பழகிய எட்டு வயதுக் குழந்தைகளைவிட, 2 அடியிலும் 4 அடியிலும் மாறிமாறி எறிந்து பழகியவர்கள், தாங்கள் பயிலாத அந்த 3 அடித் தொலைவிலேயே துல்லியமாக எறிந்தனர். பேச்சாளர் ஒரே பேச்சை ஐந்து நிமிடத்திலும் இரண்டு நிமிடத்திலும், அமர்ந்தும் நின்றும், தெரிந்தவர் முன்னும் தெரியாதவர் முன்னும், நடுவில் கேள்வி கேட்கப்படும் நிலையிலும் பேசிப் பார்க்க வேண்டும். நிரல் எழுதுபவர் தாம் எழுதாத, ஒழுங்கற்ற, பிறர் எழுதிய நிரலில் வேலை செய்து பார்க்க வேண்டும்.

படி 10: தேக்கம் வரும்போது

வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் இருவரும் 1897-இல் தந்திச் செய்தி பெறக் கற்றவர்களின் முன்னேற்றத்தை வரைபடமாக்கினர். வாரக்கணக்கில் கோடு உயராமல் கிடந்து, பிறகு மீண்டும் உயர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டவர்கள் சொல்லாகவும், சொல்லாகக் கேட்டவர்கள் தொடராகவும் கேட்கப் பழகும் இடைப்பட்ட காலமே அந்தத் தேக்கம் என்று அவர்கள் விளக்கினர். ஆகவே தேக்கத்தைக் கண்டு உடனே முறையை மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால், வழக்கமான வேகத்தைவிடச் சற்று வேகமாகச் செய்து, எந்த இடம் முதலில் உடைகிறது என்று பாருங்கள். உடையும் அந்த இடம்தான் அடுத்த பயிற்சிக்குரியது. தட்டச்சு செய்பவருக்கு அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில எழுத்துச் சேர்க்கைகளாகவே இருக்கும்.

பயிற்சியின் எல்லையையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புரூக் மெக்னமாராவும் சக ஆய்வாளர்களும் 2014-இல் செய்த தொகுப்பாய்வின்படி, மனிதர்களுக்கு இடையிலான செயல்தர வேறுபாட்டில் கருத்தூன்றிய பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18, கல்வியில் 4, தொழில்களில் ஒன்றுக்கும் குறைவு. எதைக் கருத்தூன்றிய பயிற்சி என்று எண்ணுவது என்பதில் எரிக்சன் இதனோடு உடன்படவில்லை. என் பார்வையில், விதிகள் தெளிவாகவும் விளைவு உடனே தெரியக்கூடியதாகவும் உள்ள துறைகளில் பயிற்சியின் வலிமை கூடுதலாகத் தெரிகிறது; விளைவு தாமதமாகவும் மங்கலாகவும் வரும் துறைகளில் குறைவாகத் தெரிகிறது. பின்னதில் இருப்பவர்கள் ஆறாம் படிக்கு மற்றவர்களைவிட இருமடங்கு உழைக்க வேண்டியிருக்கும். மற்றவரோடு உள்ள வேறுபாட்டைப் பற்றியவைதான் இந்த எண்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நேற்றைய உங்களிலிருந்து நீங்கள் எவ்வளவு நகர முடியும் என்று இவை கூறுவதில்லை.

படி 11: இடைவெளிக்குப் பிந்திய சோதனை

இலக்கை எட்டிவிட்டதாகத் தோன்றும் நாளில் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, நாள்காட்டியில் முப்பது நாள் கழித்து ஒரு தேதியைக் குறித்துவையுங்கள். அந்த நாளில் குறிப்பேட்டைப் புரட்டாமல், ஒத்திகை பார்க்காமல், முதல் படியில் எழுதிய வாக்கியத்தில் உள்ளபடியே செயலைச் செய்து பதிவு செய்யுங்கள். அதன் பிறகே இரண்டாம் படியில் சேமித்த முதல் பதிவை எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள் அல்லது பாருங்கள். முப்பது நாளில் உதிர்ந்துபோன பகுதிகள் எவையோ, அவற்றைத் தவறுகளின் குறிப்பேட்டில் புதிய பக்கத்தில் எழுதி, ஐந்தாம் படியிலிருந்து தொடங்குங்கள். உதிராமல் நின்றவற்றை இனி தனியாகப் பயில வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒருமுறை முழுச் செயலுக்குள் அவை வருவது போதும்.